வாங்கியாச்சு, இனி என்ன?

கே: டெலிகிராமில் ஒருவர் மலைப்பாம்புக் குட்டி விற்கிறார். வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்த்தால் பிரச்சினை வருமா? (ஈசூன்)

ப: வரும். சிங்கப்பூரில் எந்த வீட்டிலும் பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. பெட்டி கண்ணாடியா மரமா என்று யாரும் பார்க்கப் போவதில்லை.

கே: மகன் மான்செஸ்டரில் படிக்கிறான். அங்கே பாம்பு வளர்க்கலாமாம். போன வாரம் கடையில் 'ஸ்பைடர்' ரகப் பந்து மலைப்பாம்பு வாங்கினான். தலை சாய்ந்து ஆடிக்கொண்டே இருக்கிறது. இடுக்கியில் எலியை நீட்டினால் அதைத் தாண்டிக் கொத்துகிறது. கேட்டால், "அந்த ரகமே அப்படித்தான், நன்றாகச் சாப்பிடும்" என்கிறார் கடைக்காரர். ஏமாந்துவிட்டானா? (தெம்பனிஸ்)

ப: ஏமாற்றப்பட்டிருக்கிறான் அம்மா. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. காசை வாங்கிப் போட்டுக்கொண்டு சொன்னதுதான் அநியாயம்.

உடம்பில் சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடுகள் ஓடும் ரகம் இது. அந்தக் கோடுகளைத் தரும் மரபணுவோடு உள்காதுக் கோளாறும் ஒட்டிக்கொண்டே வருகிறது. சமநிலை தவறுவது அதனால்தான். இருபது வருடத்துக்கு மேலாக இணைசேர்த்தும் கோடுகளை வைத்துக்கொண்டு ஆட்டத்தை நீக்க எவராலும் முடியவில்லை. சாதாரணப் பாம்போடு சேர்த்தால் ஏறக்குறையப் பாதிக் குட்டிகள் ஸ்பைடராகப் பிறக்கும். லேசாக ஆடும் தாய்க்குத் தலைகீழாகச் சுருண்டு தவிக்கும் குட்டி பிறக்கலாம். முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இவ்வளவும் தெரிந்துகொண்டே குட்டி எடுக்கிறார்கள். கேட்டால் சாப்பிடுகிறது, முட்டையிடுகிறது என்று ஒரே பாட்டு. பசித்தால் எந்த உயிரும் சாப்பிடத்தான் செய்யும், அது நலமாக இருப்பதற்கு அத்தாட்சியா? பிரிட்டனில் ஊர்வன ஆர்வலர் சங்கம் ஒன்று 2018லேயே தன் சந்தைகளில் இந்த ரகத்தை விற்கத் தடை போட்டது. தெரியாது என்று அந்த ஊர் வியாபாரி கைவிரிக்க முடியாது.

அங்கே 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, கடையில் வாங்கிய பிராணியில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். ஆனால் திரும்பிப் போகும் பாம்பை இன்னொருவர் தலையில் கட்டுவார்கள், இல்லை குட்டி எடுக்க வைத்துக்கொள்வார்கள். முடிந்தால் அவனே வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கட்டும், எழுத்தில். பெட்டியில் உயரமான கிளை வேண்டாம். அடிக்கடி கையில் எடுக்கவும் வேண்டாம், பதற்றத்தில் ஆட்டம் கூடும். இணைசேர்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம்.

கே: வீவக வீட்டில் பூனைக்கு அனுமதி வந்துவிட்டது. காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டு வாங்கலாமா? (சுவா சூ காங்)

ப: 2024 செப்டம்பரிலிருந்து உரிமம் எடுத்து 2 பூனை வரை வளர்க்கலாம். இந்தப் பூனை வேண்டாம். காதை மடிக்கும் குருத்தெலும்புக் குறை கால் மூட்டுகளிலும் இருக்கிறது. வலியில் அசையாமல் கிடப்பதைச் 'சாது' என்று சொல்லி விற்பார்கள். நான் பலூன் மோலி மீன் வாங்கியபோதும் கடைக்காரர் 'குண்டு மீன்' என்றுதான் சொன்னார். முதுகெலும்பு வளைந்த மீன் என்று சொல்லவில்லை.

கே: இரண்டு மாதத்துக்கு முன் கேரோசெல் இணையச் சந்தையில் ஓர் அம்மாவிடம் பழைய கிரைண்டர் வாங்கினேன். கல் சுற்றவில்லை. குறையுள்ள பொருளுக்கு நிவாரணம் தரும் லெமன் சட்டம் உதவுமா? (செங்காங்)

ப: உதவாது. அது வியாபாரியிடம் வாங்கியவர்களுக்கு. அப்புறம், வாங்கும்போது ஓட்டிப் பார்த்தீர்களா? இரண்டு பக்கக் கடிதத்தில் அதை மட்டும் எழுதவில்லையே.