சார்ஜர் டேக் பற்றி வடசென்னை ஓட்டுநர்கள் கேட்டவை

தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை மின் வண்டி சார்ஜர்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின பிறகு, எங்கள் பக்கம் மின் வண்டி பற்றி விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். சார்ஜரில் காட்டிச் சார்ஜைத் தொடங்க, சாவிக்கொத்தில் மாட்டும் சார்ஜிங் டேக் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், வந்தவற்றுக்குப் பதில் இதோ.

கொருக்குப்பேட்டை, ஆட்டோ ஓட்டுநர்: அண்ணே, ஆப் இருக்கும்போது இந்த டேக் எதுக்கு? இதில் பேட்டரி தீர்ந்து போனால் என்ன செய்வது?

தம்பி, அதில் பேட்டரியே கிடையாது. உள்ளே மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்றும் ஒரு சிப்பும்தான். சார்ஜரில் இருக்கிற ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸில் ஒரு காந்தப் புலத்தைப் பரப்பிக்கொண்டே இருக்கும். டேக்கை இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிட்டே கொண்டுபோனால், அந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லிவிடும். ஆப் நல்லதுதான். ஆனால் கடைசி சவாரி முடித்து நடு ராத்திரியில் வந்து நிற்கும்போது போனில் சார்ஜும் இல்லை, டேட்டாவும் இல்லை என்றால் வண்டிக்கும் சார்ஜ் இல்லை என்று ஆகிவிடக் கூடாது இல்லையா? அதுக்குத்தான் இது.

திருவொற்றியூர், ஸ்கூட்டர் ஓட்டுபவர்: சார்ஜருக்கு நெட் போய்விட்டால் டேக் வேலை செய்யுமா?

சார்ஜர் வைத்தவர் எப்படி அமைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது அக்கா. டேக் சொல்வது வெறும் எண், அதை அனுமதிக்கலாமா என்று முடிவு செய்வது எங்கோ இருக்கிற சர்வர். சார்ஜரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு ஓசிபிபி என்று பெயர், அதன் 1.6 பதிப்பிலேயே அனுமதிக்கப்பட்ட எண்களின் பட்டியலைச் சார்ஜருக்குள்ளேயே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. பட்டியல் போட்டிருந்தால் நெட் இல்லாமலும் சார்ஜ் ஏறும், எத்தனை யூனிட் என்பதைக் குறித்துவைத்து இணைப்பு வந்ததும் அனுப்பிவிடும். பட்டியல் போடாத சார்ஜரின் முன்னால் மழையில் நனைந்துகொண்டு நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் மாதக் கட்டணம் கட்டும் முன் "நெட் இல்லாதபோது டேக் எடுக்குமா?" என்று கேட்டுவிடுங்கள்.

பெரம்பூர், அடுக்குமாடி அசோசியேஷன் செயலாளர்: எங்கள் கேட் டேக் பார்க்க அப்படியே இதே மாதிரி இருக்கிறது, சார்ஜர் எடுக்கவில்லை. ஃபாஸ்டேகைக் காட்டினாலும் எடுக்கவில்லை.

எடுக்காது சார், சார்ஜர் படிப்பது முன்னே சொன்ன 13.56 மெகாஹெர்ட்ஸ் ரகத்தைத்தான். கேட் டேக்குகள் நிறைய 125 கிலோஹெர்ட்ஸ் ரகம், ஃபாஸ்டேக் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம். என்எஃப்சி (அதே 13.56 மெகாஹெர்ட்ஸ் டேக்கைத் தொட்டுப் படிக்கும் வசதி) உள்ள போனின் முதுகில் கேட் டேக்கை வைத்துப் பாருங்கள், போன் அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் 125 ரகம்தான்.

தண்டையார்பேட்டை, கடைக்காரர்: பத்து டேக் வாங்கி, பின்னால் அச்சிட்ட எண்ணைச் சரியாகத்தான் பதிந்தேன். எல்லாமே செல்லாது என்கிறது.

இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். டேக்கின் மேல் சாதாரண பத்து இலக்க எண்ணாக இருக்கும், சார்ஜரோ அதையே ஹெக்ஸா வடிவில், அதாவது இலக்கமும் A முதல் F வரை எழுத்தும் கலந்து, அனுப்பும், சில ரீடர்கள் அதை இரண்டிரண்டு எழுத்தாக முன்பின்னாகத் திருப்பியும் படிக்கும். கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். டேக்கைச் சார்ஜரில் ஒருமுறை காட்டுங்கள், செல்லாது என்று சர்வர் பதிவில் ஓர் எண் விழும், அதையே எடுத்துப் பதியுங்கள்.

காசிமேடு, ஐஸ் வண்டி ஓட்டுநர்: எப்பவும் ஈரக்கை, உப்புத் தண்ணீர். கெட்டுப் போகாதா? மோதிரம் மாதிரி வருகிறதாமே?

மூடி ஒட்டின டேக் உப்புக்கும் தண்ணீருக்கும் சுலபத்தில் கெடாது அண்ணே. அதுக்கு எதிரி இரும்பு. பெரிய சாவிக்கொத்தோடு சேர்த்து அழுத்தினால் சில நேரம் படிக்காது, டேக்கைத் தனியாகப் பிரித்துத் தட்டையாகக் காட்டுங்கள். மோதிரத்தில் சுருள் ரொம்பச் சின்னது, சரியான இடம் பார்த்து வைக்க வேண்டியிருக்கும். உங்கள் வேலைக்கு சிலிக்கான் கைப்பட்டைதான் வசதி.

மணலி, சரக்கு ஆட்டோ ஓனர்: டிரைவர் டேக்கைத் தொலைத்துவிட்டார். தடுக்கச் சொன்ன பிறகும் என் கணக்கில் ஒரு சார்ஜ் விழுந்திருக்கிறது. யாராவது நகல் எடுத்திருப்பார்களா?

முதலில் எளிய காரணத்தைப் பாருங்கள். அந்தச் சார்ஜர் அப்போது நெட் இல்லாமல் பழைய பட்டியலை வைத்தே ஓடியிருக்கலாம், தடுத்த செய்தி அதுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. தடுக்கச் சொன்ன நேரத்தை எழுத்தில் வைத்திருந்தால் அந்தப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், கேட்பது நியாயம்.

நகலும் நடக்கக்கூடியதுதான். மலிவு டேக்குகளில் பரவலாக இருக்கிற மைஃபேர் கிளாசிக் சிப்பின் பூட்டை 2008-லேயே நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் உடைத்துவிட்டார்கள். 2017 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக்கில் நடந்த மாநாட்டில், கார் சார்ஜிங் அட்டைகள் பலவும் வெறும் எண்ணை மட்டும் நம்புகின்றன, அந்த எண் தெரிந்தால் போதும் என்று காட்டினார்கள். டெஸ்ஃபயர் போன்ற சிப்களில் மறையாக்கம் (ரகசியச் சாவியால் பூட்டும் முறை) உண்டு, ஆனால் இதைக் கவனியுங்கள்: சார்ஜர் அந்த மறையாக்கத்தைச் சோதிக்காமல் எண்ணை மட்டும் படித்தால், விலை கூடின டேக் வாங்கியும் பிரயோஜனம் இல்லை. டேக் விற்பவரிடம் சிப் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், சார்ஜர் எதைச் சரிபார்க்கிறது என்பதையும் கேளுங்கள். டேக்கின் முதுகைப் படமெடுத்து குரூப்பில் போடாதீர்கள், டிரைவர்களிடமும் சொல்லி வையுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி டேக் கொடுங்கள், ஒரே டேக்கைப் பத்துப் பேர் மாற்றிக்கொண்டால் யார் போட்ட சார்ஜ் என்று யாராலும் சொல்ல முடியாது.

எர்ணாவூர்: நான் சார்ஜ் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டால், என் மனைவி அவர் டேக்கால் நிறுத்த முடியுமா?

இரண்டு டேக்கையும் ஒரே குழு எண்ணின் கீழ் பதியச் சொல்லுங்கள், முடியும். தனித்தனியாகப் பதிந்திருந்தால், போட்ட டேக்தான் நிறுத்தவும் வேண்டும்.