குண்டுமல்லியும் மார்கழி நிழலும்

கேள்வி: நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். மாடி வீட்டுக்கு வடக்கே இரண்டு சென்ட் இடத்தில் 40 குண்டுமல்லி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. நான்கு அடி இடைவெளியில், சுவரையொட்டி ஐந்து வரிசை. செடி கருகருவென்று ஆள் உயரத்துக்குக் கொடியோடுகிறது, மொட்டுதான் இல்லை. கடையில் பூ டானிக் என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். யூரியாவும் மாதம் ஒருமுறை போடச் சொன்னார்கள். இரண்டும் செய்தாகிவிட்டது. வேறு எந்த டானிக் அடிக்கலாம்? வேலியோர வரிசை மட்டும் கொஞ்சம் பூக்கிறது. அங்கே அரளி வைக்கலாமா?

பதில்: சகோதரி, எந்த டானிக்கும் வேண்டாம். யூரியாவையும் இன்றோடு நிறுத்துங்கள். நிழலில் நிற்கிற செடிக்குத் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் அது கொடிதான் விடும். செடி எங்கே நிற்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் பாட்டிலை எடுத்து நீட்டுகிற கடைக்காரரிடம் இனி வெள்ளைப் பூண்டு வாங்கக்கூடப் போகாதீர்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய வேலியோர வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. அதே மண், அதே தண்ணீர், அதே பதியன். அது மட்டும் ஏன் பூக்கிறது?

நீங்கள் நட்டது ஆனி மாதமாக இருக்கும். அப்போது உச்சிச் சூரியன் நம் ஊரில் வடக்கே சாய்ந்திருக்கும். வீட்டின் வடபுறம் பளீரென்று வெயில் அடித்திருக்கும். அதைப் பார்த்து இடம் பிடித்துவிட்டீர்கள். மார்கழியில் கதை வேறு. 22 அடி உயர மாடிச் சுவரின் நிழல் நட்ட நடு மத்தியானத்திலேயே வடக்கே 14 அடிக்கு மேல் விழும். காலை ஒன்பது மணிக்கு இன்னும் ஐந்தாறு அடி கூடும். உங்கள் முதல் மூன்று வரிசை முழுக்க அதற்குள், நான்காவது அரைகுறை, வேலியோர ஐந்தாவது மட்டும் பெரும்பாலும் தப்பிக்கிறது.

சரி, பூப்பது சித்திரையில்தானே, மார்கழி நிழலால் என்ன என்று கேட்பீர்கள். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்கிறோம். பூ வருவது அதற்கப்புறம் வெடிக்கிற புதுத் துளிரில். அந்தத் துளிர் தேறுகிற நாளும் நிழல் நீளமாக விழுகிற நாளும் ஒன்று.

அதனால் பூச்செடிக்கு இடம் கேட்கிற எல்லோரிடமும் நான் சொல்வது இதுதான்: மார்கழியில் வாசலுக்குக் கோலம் போட்டதும் மிச்ச மாவோடு கொல்லைக்குப் போங்கள். காலை ஒன்பது, மத்தியானம் பன்னிரண்டு, சாயங்காலம் மூன்று என்று மூன்று வேளையும் நிழலின் ஓரத்தில் மாவால் கோடு இழுங்கள். மூன்று கோட்டுக்கும் வெளியே இருப்பதுதான் மல்லிக்கான இடம். மண் பரிசோதனையெல்லாம் அப்புறம். சிரிக்கிறவர்கள் உண்டு, ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள் சிரித்ததில்லை.

பழைய தூர்களைப் பிடுங்கி இடம் மாற்றாதீர்கள், பாதி பிழைக்காது. நன்றாகப் பூக்கிற வேலியோரச் செடியிலேயே பதியன் போட்டு, கோட்டுக்கு வெளியே ஓர் அடிக் குழியில் மக்கிய தொழுவுரம் 10 கிலோ கலந்து வையுங்கள். துணி துவைக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கம் வேண்டாம். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாதம் ஒருமுறை தெளியுங்கள்.

காலியாகும் நிழல் வரிசைகளில் கனகாம்பரம் வரும், அரை நிழல் அதற்குச் சம்மதம். டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது. வேர்விட்ட குச்சி வாங்கி வையுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அந்த நாற்று வேண்டாம்.

அரளி வடக்கு வேலியில் நின்றால் மார்கழி நிழல் வெளியேதான் விழும், மல்லிக்குத் தொந்தரவில்லை. ஆனால் அந்த வேலிக்குப் பக்கத்தில் ஆடு கட்டுகிற வழக்கம் உண்டென்றால் வைக்காதீர்கள். அதன் இலை விஷம்.