வீட்டுக்கு அனுப்பிவிட்ட புற்றுநோயாளியின் நோவை எப்படிக் குறைப்பது?

கேள்வி: அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் பண்ணி) வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நோவுக்கு மோர்பின் குளிசை தந்திருக்கிறார்கள். பழகிப்போகும், ஆளைக் கெதியாகக் கொண்டுபோய்விடும் என்ற பயத்தில் தாங்க ஏலாத நேரத்தில் மட்டும் கொடுக்கிறோம். இரவில் கத்துகிறார். என்ன செய்யலாம்?

பதில்:

"தாங்க ஏலாத நேரத்தில் மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் அம்மாவுக்கு நானும் பதினொரு நாள் அப்படித்தான் கொடுத்தேன்.

நான் டொக்டர் இல்லை, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். மருந்தைப் பற்றிக் கதைக்க நீ ஆர் என்று கேட்க வருகிறவர்களுக்கு: அளவு சொல்ல நான் வரவில்லை. அது உங்கள் அப்பாவைப் பார்க்கிற டொக்டரின் வேலை. நான் விட்ட பிழையைச் சொல்ல எனக்கு ஒருவருடைய அனுமதியும் தேவையில்லை.

அம்மாவுக்கு மார்பில் தொடங்கி முள்ளந்தண்டுக்குப் பரவிவிட்டது. வார்ட்டில் நேரத்துக்கு நேரம் நேர்ஸ் வந்து கொடுத்ததால் எழும்பி இருந்து தேத்தண்ணி குடித்தா. துண்டு வெட்டிய அன்று குளிசைகளைப் பையில் போட்டுத் தந்து, "நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா" என்றார்கள். அவ்வளவுதான். ஏன் நாலு மணித்தியாலம், தவறினால் என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். அங்கே வேலை செய்கிறவர்கள் படுகிற பாடும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஐந்து நிமிடம் இருத்தி வைத்து விளங்கப்படுத்தியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த அன்றே பெரியம்மா சொன்னா: "உது கடைசி மருந்தடி. இப்பவே குடுத்துப் பழக்கினால் பேந்து ஒண்டுக்கும் கேளாது." நான் குளிசையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அம்மா கத்துகிற ஆள் இல்லை. கட்டில் சட்டத்தைப் பிடிப்பா. பிடிக்கப் பிடிக்க விரல் மொளியெல்லாம் வெளுத்து வரும். அது வெளுத்த பிறகுதான் நான் திறப்பைத் தேடுவேன். விழுங்கினாலும் உடனே கேட்காது, அரை மணித்தியாலமாவது செல்லும். அவ்வளவு நேரமும் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு கிடப்பா.

கிளினிக்கில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தினை மணிக்குக் குடுக்கிறியள்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் ஏசவில்லை. "நோ வாறதுக்கு முதலே குடுக்கவேணும் பிள்ளை. வந்தாப்பிறகு கலைக்கிறது கஷ்டம்" என்றார். சாதாரண மோர்பின் குளிசை கிட்டத்தட்ட நாலு மணித்தியாலம்தான் நிற்கும். அது இறங்குவதற்குள் அடுத்தது போனால் நோ தலைதூக்காது. வாயால் கொடு, மணிக்கூட்டைப் பார்த்துக் கொடு, படிப்படியாகக் கூட்டு என்று உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே எழுதி வைத்த முறையாம் இது. நோவுக்கு ஏற்றபடி டொக்டர் அளந்து தருகிற மருந்து ஆயுளைக் குறைக்காது, நோவுக்காகக் குடிக்கிறவர் அடிமையாவதும் அரிது என்று என் பயத்துக்கும் பதில் சொன்னார்.

ஒரு பள்ளிக்கூடக் கொப்பி எடுத்தேன். காலை 6, 10, பகல் 2, பின்னேரம் 6, இரவு 10. நித்திரை குழம்பாமல் இருக்க இரவு 10 மணிக்கு இரட்டை அளவு என்று டொக்டர்தான் எழுதித் தந்தார், நீங்களாகச் செய்யவேண்டாம். இடையில் நோ வந்தால் கொடுக்க ஒரு மேலதிக அளவும் தந்தார். அதையும் எழுதுவேன். ஒரு நாளில் அது பல தடவை தேவைப்பட்டால், வழமையான அளவைக் கூட்டவேண்டும் என்று அடுத்த கிளினிக்கில் கொப்பியைப் பார்த்தே அவருக்குத் தெரியும். முதல் இரண்டு நாள் அம்மா தூங்கித் தூங்கி விழ, நான் பயந்துபோனேன். நாலாம் நாள் விறாந்தையில் வந்து இருந்து, "தலையை இழுத்துவிடு பிள்ளை" என்றா. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அம்மாவின் தலையில் சீப்பு வைத்தேன்.

ஆறாம் நாள் திரும்ப வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தா. நோய் முற்றிவிட்டது என்று அழுதோம். பார்த்தால் ஐந்து நாளாக மலம் போகவில்லை. மோர்பின் குடிக்கிற ஏறக்குறைய எல்லாருக்கும் இது வரும், மற்றப் பக்கவிளைவுகள் நாள் போகக் குறையும், இது குறையாது. முதல் குளிசையோடேயே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள். அப்பாவுக்கு வயிற்றில் என்கிறபடியால் கட்டாயம் டொக்டரிடம் கேட்டுத்தான். சத்தி (வாந்தி) வந்தால் அதற்கும் மருந்து இருக்கிறது. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு நிற்கிற குளிசை தந்திருந்தால் விழுங்கக் கஷ்டம் என்று இடித்துக் கொடுத்துவிடாதீர்கள், முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், மூச்சு மெதுவாதல், கைகால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தல், இதில் எது வந்தாலும் அடுத்த குளிசையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

குளிசை முடிய நாலைந்து நாள் இருக்கும்போதே எண்ணிப் பாருங்கள். மோர்பின் கட்டுப்பாட்டு மருந்து, தனியார் பாமசியில் கேட்டவுடன் தரமாட்டார்கள். திங்கள் போயா (பௌர்ணமி) லீவு என்பதை மறந்து, சனிக்கிழமை ஓட்டோ பிடித்து நாலு பாமசி ஏறி இறங்கினேன்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அம்மா ஒருமாதிரி நித்திரை கொள்ளத் தொடங்கிய கிழமைதான் பக்கத்துக் கோயிலில் திருவிழா. எங்கள் வீட்டைப் பார்த்தபடி பனையில் குழாய் ஸ்பீக்கர். விடிய நாலரைக்குத் தொடங்கும். போய்க் கேட்டேன். "பத்து நாள்தானே தங்கச்சி, பொறுங்கோ" என்றார்கள். நான் சாமி கும்பிடாதவள் இல்லை, அதே கோயிலில்தான் அம்மாவுக்கு நேர்த்தி வைத்தேன். அந்தப் பத்து நாளும் அம்மாவின் காதுக்குள் பஞ்சு வைத்துவிட்டேன். ஊரில் படுக்கையில் ஆள் கிடக்கிறது தெரிந்தும் ஒரு ஸ்பீக்கரை மற்றப் பக்கம் திருப்ப ஒருவருக்கும் கை வரவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்கே துண்டையும் குளிசையையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். இதுவரை எப்படிக் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை. சிறுநீரகம் பழுதென்றால் மோர்பின் உடம்பில் தேங்கும், அதையும் கேளுங்கள். அப்பாவை நோவோடு தூக்கிக்கொண்டு அலையவேண்டாம், ஒருவர் போனால் காணும். மற்றவர் வீட்டில் மணிக்கூட்டோடு இருக்கட்டும்.