இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர்கள் திடீரென வேறு கல்லூரிக்கு ஆடியது எப்படி? (கையில் பந்தோடு ஓடும் அமெரிக்கக் கால்பந்து இது.)

காரணம், 1943 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை தொடங்கிய வி-12 திட்டம். அதிகாரிகளாகப் போகும் இளைஞர்களைக் கல்லூரியிலேயே படிக்கவைத்துப் பயிற்சி தருவதுதான் அது. எந்தக் கல்லூரி என்பது கடற்படையின் முடிவு. போன இடத்து அணியில் ஆட அனுமதி உண்டு. அப்பாவுக்கு மாற்றல் வந்ததும் பையன் புது ஊர்ப் பள்ளி அணிக்கு ஆடுவானே, அப்படித்தான்.

தரைப்படையோ தன் பயிற்சி மாணவர்களை ஆட விடவில்லை. அதனால் சில அணிகள் காலி, சிலவற்றுக்கு அடித்தது யோகம். இல்லினாய் பல்கலைக்கழக வீரர்கள் சிலர், கடற்படையோடு சேர்ந்த மரைன் படையின் பயிற்சிக்காகப் பர்டியூ பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். பர்டியூ 1943-இல் ஆடிய 9 ஆட்டங்களையும் வென்றது. (கையில் பந்தோடு ஓடும் அமெரிக்கக் கால்பந்து இது.) ஆனால் அதன் நட்சத்திரம் டோனி பட்கோவிச்சுக்கு சீசன் முடியும் முன்பே படைப்பணிக்கு அழைப்பு வந்துவிட்டது.

ஆட்டத்தைக் காட்டிப் போரிலிருந்து தப்பினார்கள் என்பது தவறு. பட்கோவிச் 1945-இல் ஜப்பானின் ஒகினாவா தீவில் நடந்த போரில் கொல்லப்பட்டார்.