நாவல் எழுதி முடித்தாயிற்று, எடிட்டர் வைக்கலாமா?

முதல் நாவலை எழுதி முடித்துவிட்டேன், 80,000 சொற்கள் இருக்கிறது, காசு கொடுத்து எடிட்டர் வைக்க வேண்டுமா, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்கலாம். ஆனால் உடனே வேண்டாம். பிரதியைக் கொஞ்ச நாள் தொடாமல் வையுங்கள். அப்புறம் எடுத்து முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற வரியெல்லாம் உங்களுக்கே தெரிந்துவிடும். நீங்களே திருத்திக்கொள்ளக்கூடிய பிழைக்கு இன்னொருவருக்குப் பணம் கொடுப்பது வீண். பிறர் பிரதிகளைச் செப்பனிட்டுப் பிழைப்பவன் நான், நானே இதைச் சொல்கிறேன். அதோடு, எழுதும் ஆசை இல்லாத, ஆனால் நிறையப் படிக்கிற இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் படிப்பதை நிறுத்தியிருந்தால் அங்கே ஏதோ கோளாறு. என்ன கோளாறு என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. எடிட்டர் தேவைப்படுவது அதற்குத்தான்.

அடுத்து, உங்களுக்கு எந்த வேலை தேவை என்று முடிவு செய்யுங்கள். கதையின் அமைப்பைப் பார்ப்பது ஒரு வேலை. எங்கே இழுக்கிறது, எந்தப் பாத்திரம் சும்மா நிற்கிறது, முடிவு ஏன் ஒட்டவில்லை என்று சொல்வது அதில் வரும். வரி வரியாக நடையையும் தகவல் முரண்களையும் சரிசெய்வது வேறு வேலை. மெய்ப்பு பார்ப்பது, அதாவது கடைசியாக எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை பார்ப்பது, இன்னொன்று. மூன்றையும் எடிட்டிங் என்றே சொல்கிறார்கள், சண்டை வருவதும் அதனால்தான். எழுதியவர் கதையைப் பற்றி நாலு வார்த்தை எதிர்பார்த்திருப்பார், திரும்பி வந்த கோப்பில் விடுபட்ட ஒற்றுகளை மட்டும் போட்டிருப்பார்கள். வரிசையும் முக்கியம். ஐந்தாம் அத்தியாயமே வேண்டாம் என்று பிறகு முடிவானால், அதில் எழுத்துப்பிழை திருத்தக் கொடுத்த காசு போச்சு.

சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? மாதிரித் திருத்தம் கேளுங்கள். அவர் முன்பு பார்த்த புத்தகங்களின் பட்டியல் ஓரளவுக்குத்தான் உதவும், ஏனென்றால் அச்சான பக்கத்தில் எது எழுத்தாளருடையது, எது எடிட்டருடையது என்று வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் பிரதியின் நடுவிலிருந்து நாலைந்து பக்கம் எடுத்து, மனதில் இருக்கிற இரண்டு மூன்று பேருக்கும் அதையே அனுப்புங்கள். முதல் அத்தியாயத்தை அனுப்பாதீர்கள், அதை நீங்கள் ஏற்கெனவே நூறு தடவை தேய்த்து மெருகேற்றியிருப்பீர்கள். சிலர் மாதிரிக்கும் கட்டணம் கேட்பார்கள், அது நியாயமே.

இப்படி ஒரு பத்தி இருக்கிறது என்று வையுங்கள்: ‘அவள் கதவை திறந்தபோது மழை பெய்துகொண்டிருப்பதைக் கண்டாள். அவள் மனம் கனத்தது. சோகம் அவளை ஆட்கொண்டது.’ ஒருவர் ‘கதவைத் திறந்தபோது’ என்று ஒற்றை மட்டும் சேர்த்து அனுப்புவார். அவர் மெய்ப்பு பார்க்கத் தகுந்தவர், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இன்னொருவர் ‘வானம் அவளுக்காகக் கண்ணீர் வடித்தது’ என்று சொந்தச் சரக்கைச் சேர்த்திருப்பார். கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள், அவருக்குத் தன் நாவலை எழுத வேண்டியிருக்கிறது. மூன்றாமவர் ‘கதவைத் திறந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது’ என்று சுருக்கிவிட்டு, ஓரத்தில் இரண்டு கேள்வி வைத்திருப்பார்: ‘மனம் கனத்தது என்ற பிறகு சோகமும் வேண்டுமா? முன்பக்கத்தில் இதே இரவில் நல்ல நிலவு. எது சரி?’ இவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருத்தங்களை விட ஓரத்தில் இருக்கும் கேள்விகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பிரதியை முழுக்க மனதில் வைத்துப் படிக்கிறாரா என்பது அதில் தெரிந்துவிடும்.

கட்டணத்தைச் சொல்லுக்கு இவ்வளவு, பக்கத்துக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று பல விதமாகப் பேசுவார்கள். பக்கக் கணக்கு என்றால் எத்தனை சொல் ஒரு பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 250 சொற்களை ஒரு பக்கமாக வைப்பது வழக்கம், அப்படிப் பார்த்தால் உங்களுடையது 320 பக்கம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் கணக்கு வேறாகலாம். ஆங்கிலப் பிரதி என்றால், தனித்து வேலை செய்யும் எடிட்டர்களுக்காக 1970இல் தொடங்கிய அமெரிக்கச் சங்கமான எடிட்டோரியல் ஃப்ரீலான்சர்ஸ் அசோசியேஷன் எந்த வகை வேலைக்கு என்ன கட்டணம் வழக்கம் என்பதை இணையத்தில் போட்டிருக்கிறது, பேரம் பேசும் முன் பார்த்துக்கொள்ளலாம்.

வாய்ப்பேச்சோடு விடாமல் மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள். எத்தனை சுற்று, எந்தத் தேதி, பணம் எத்தனை தவணை, பாதியில் நின்றால் என்ன, பதிப்புரிமை முழுக்க உங்களுடையது, இவ்வளவு இருந்தால் போதும். முழுப் பணத்தையும் முன்பே கேட்பவரிடம் யோசித்துப் போங்கள். பெஸ்ட் செல்லர் ஆக்கிக் காட்டுகிறேன் என்பவரிடம் போகவே வேண்டாம். பதிப்பகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் அமைப்பைப் பற்றிய ஒரு மதிப்பீடு மட்டும் வாங்கினாலே பெரும்பாலும் போதும். ஏற்றுக்கொள்ளும் பதிப்பகம் முறையானதாக இருந்தால் மீதி எடிட்டிங்கைத் தன் செலவில் அதுவே செய்யும்.

வேலை நடக்கும்போது திருத்தங்கள் வேர்டில் ‘ட்ராக் சேஞ்சஸ்’ போட்டே, அதாவது எதை மாற்றினார் என்று தெரியும்படியே, வரவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கோப்பு வந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்கும் ‘அக்செப்ட் ஆல்’ கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றாகப் பாருங்கள், மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பாதிக்கு மேல் மறுக்கத் தோன்றினால் மட்டும் ஒருநாள் விட்டு மறுபடி பாருங்கள், அன்றைக்குக் கோபத்தில் பார்த்திருக்கலாம். கூடவே நடைக் குறிப்புத் தாள் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். டாக்டரா மருத்துவரா, ராஜலட்சுமியா ராஜலக்ஷ்மியா, வயதை எண்ணால் எழுதுவதா எழுத்தாலா என்று எடிட்டர் எடுத்த முடிவெல்லாம் அதில் இருக்கும். மெய்ப்பு பார்ப்பவருக்கு அதை அப்படியே கொடுத்துவிடலாம்.

மெய்ப்பை மட்டும் பக்க வடிவமைப்பு முடிந்த பிறகே பார்க்கச் சொல்லுங்கள். யூனிகோடில், அதாவது இன்றைய பொதுவான எழுத்துக் குறியீட்டில், தட்டியதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி வடிவமைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மாற்றத்தில் கொம்பும் காலும் இடம் மாறும், ஸ்ரீ, க்ஷ மாதிரி எழுத்துகள் உடையும். வேர்டில் எத்தனை முறை மெய்ப்பு பார்த்திருந்தாலும் அதெல்லாம் கண்ணில் பட்டிருக்காது.