பேதி மாத்திரை சாட்சி

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகள் லூயிஸ்–கிளார்க் பயணப் பாதையில் காரில் போய் வரலாற்றைப் பார்க்கப் போகிறேன் என்கிறாள். 4,900 மைல் நீளமாம். ஆனால் அந்தக் குழு விட்டுப்போன தடயம் இன்று சுத்தமாக ஒன்றுமில்லை, சிலையும் பலகையும்தான் மிச்சம் என்கிறார் என் கணவர். யார் பக்கம் நியாயம்?

பதில்: அப்பா–மகள் சண்டையில் நாட்டாமை செய்ய நான் வரவில்லை, அம்மணி. ஆனால் ‘சுத்தமாக’ என்று எழுதிவிட்டீர்கள், அதை விட மனசில்லை. அந்தக் குழுவின் தடயங்களில் மறுக்கமுடியாத ஒன்று, வயிற்றைச் சுத்தம் செய்துகொண்டதால் கிடைத்ததுதான்.

பசிபிக் கடல்வரை போய்ப் பார்த்து வரும்படி படை அதிகாரி மெரிவெதர் லூயிஸின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பிய அதிபர் ஜெபர்சன், கூட ஒரு டாக்டரை அனுப்பவில்லை. அதற்குப் பதில், 1803-ல் பிலடெல்பியாவில் டாக்டர் பெஞ்சமின் ரஷ்ஷிடம் நாலு விஷயம் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார். ரஷ் லேசுப்பட்டவர் இல்லை. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். எந்த நோய் வந்தாலும் அவர் முதலில் நம்பியது இரண்டைத்தான்: ரத்தத்தை எடு, வயிற்றைக் கழுவு. ஆகவே 50 டஜன் பேதி மாத்திரை மூட்டையில் ஏறியது. மொத்த விலை 5 டாலர். பாதரச உப்பையும் ஜலாப் என்ற வேரின் பொடியையும் சேர்த்து உருட்டியது. அதற்கு ‘இடி’ என்றே பட்டப்பெயர்.

1805 செப்டம்பரில் குலைப்பட்டினியோடு பிட்டர்ரூட் மலைகளைக் கடந்து வந்தவர்களுக்கு நெஸ் பெர்ஸ் என்ற பூர்வகுடி மக்கள் உலர்ந்த சால்மன் மீனும் காமாஸ் கிழங்கும் கொடுத்தார்கள். காய்ந்த வயிற்றில் ஆசை தீரத் தின்றதில் ஆளாளுக்கு வயிறு ஊதிப் பிடுங்கிக்கொண்டது. லூயிஸோடு சேர்ந்து குழுவை நடத்திய கிளார்க் என்ன கொடுத்தார்? ரஷ்ஷின் இடியைத்தான். தானாகப் போய்க்கொண்டிருக்கும் வயிற்றுக்குப் போகவைக்கும் மருந்து! அந்தப் படை பிழைத்ததே பெரிய விஷயம்.

மாத்திரையில் இருந்த பாதரச உப்பில் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமல் வெளியே வந்துவிடும். மண்ணில் விழுந்த பாதரசம் மக்கிப்போகாது. மொன்டானாவில் லோலோ ஓடைக்கரையில் ‘டிராவலர்ஸ் ரெஸ்ட்’ என்ற இடத்தில் அவர்கள் போகும்போதும் திரும்பும்போதும் முகாம் போட்டார்கள். 2002-ல் அங்கே தோண்டிய ஆய்வாளர்கள், அடுப்பிலிருந்து எவ்வளவு தள்ளிக் கழிப்பிடக் குழி இருக்கவேண்டும் என்று அந்தக் காலப் படைக் கையேட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு, அந்த மண்ணில் பாதரச ஆவியைத் தேடினார்கள். இருந்தது. அதற்குமுன் வேறோர் இடத்தைத்தான் முகாம் என்று அரசாங்கம் குறித்து வைத்திருந்தது. கக்கூஸ் சாட்சி சொன்னபின் எல்லையை மாற்றவேண்டியதாயிற்று. (அதே முகாமில் 1806-ல் எழுதிய குறிப்பில், இரண்டு வீரர்களுக்கு வேறொரு நோய் என்றும் அதற்கும் பாதரசம்தான் மருந்து என்றும் லூயிஸ் பெயர் போட்டே எழுதியிருக்கிறார். இது குடும்பப் பத்திரிகை, மேலே கேட்காதீர்கள்.)

ரஷ் பேச்சு வந்தபின் வில்லியம் காபெட்டைச் சொல்லாமல் விட முடியுமா? முள்ளம்பன்றி என்று புனைபெயர் வைத்துப் பிலடெல்பியாவில் பத்திரிகை நடத்தியவர். 1793-ல் ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது ரஷ் ரத்தம் எடுத்ததையும் பேதிக்குக் கொடுத்ததையும் பின்னால் எழுத்தில் கிழிகிழியென்று கிழித்தார். டாக்டர் அவதூறு வழக்குப் போட்டார். 1799 டிசம்பர் 14-ல் தீர்ப்பு: காபெட் 5,000 டாலர் கட்டவேண்டும். அதே நாளில் மவுண்ட் வெர்னனில் ஜார்ஜ் வாஷிங்டன் இறந்துபோனார். தொண்டை நோய்க்கு வேறு டாக்டர்கள் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்திருந்தார்கள். அவதூறு வழக்குகள்மேல் எனக்கு ஏன் இவ்வளவு காட்டம் என்று மாதத்துக்கு ஒருவர் கேட்கிறீர்களே, இதற்குத்தான். முள்ளம்பன்றியைக் கட்டச் சொன்ன பணத்துக்கு ஆறு லட்சம் பேதி மாத்திரை வாங்கியிருக்கலாம்.

சரி, பாதைக்கு வருவோம். உங்கள் கணவரின் கட்சியிலும் விஷயம் இருக்கிறது. ஆரிகனில் அந்தக் குழு குளிர்காலத்தைக் கழித்த கிளாட்சாப் கோட்டை என்று காட்டியது 1955-ல் கட்டிய நகல். அது 2005-ல் எரிந்துபோக, இப்போது நிற்பது நகலுக்கு நகல். உருப்படியாகக் கண்ணில் படும் தடயம் என்றால் மொன்டானாவின் பாம்பீஸ் பில்லர் பாறை. கிளார்க் தன் பெயரையும் 1806 ஜூலை 25 என்ற தேதியையும் அதில் செதுக்கியிருக்கிறார். அந்தப் பாறையில் பூர்வகுடி மக்கள் ஏற்கனவே விலங்குகளைச் செதுக்கியிருப்பதை அவரே குறிப்பில் எழுதிவிட்டு, பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டிருக்கிறார். புராதனச் சின்னங்களில் பெயர் கிறுக்குபவர்களை இந்தப் பக்கத்தில் நான் திட்டாத நாள் கிடையாது. இன்று யாராவது அங்கே உளியை எடுத்தால் கோர்ட், அபராதம். கிளார்க்குக்கு மட்டும் கண்ணாடித் தடுப்பு, காவல்.

சிலைகளை நான் வம்புக்கு இழுப்பதும் உங்களுக்குப் பழசுதான். கைக்குழந்தையோடு அந்தக் குழுவின் கூடவே நடந்த பூர்வகுடிப் பெண் சகாகவியாவுக்கு நாடு முழுக்கச் சிலை. வடக்கு டகோட்டாவில் அவள் பெயரில் ஓர் ஏரியும் உண்டு. ஏரியென்றால் இயற்கை ஏரி இல்லை, மிசோரி ஆற்றில் கட்டிய கேரிசன் அணையின் நீர்த்தேக்கம். ஷோஷோனி குலத்தில் பிறந்து, சிறுமியாகப் பிடிபட்டு, ஹிடாட்சா மக்களிடம் வளர்ந்தவள் அவள். 1804-ன் குளிர்காலத்தில் அந்தக் குழு ஒதுங்கியது மாண்டன், ஹிடாட்சா ஊர்களின் பக்கத்தில்தான். அங்கே கிடைத்த மக்காச்சோளத்தில்தான் குளிரைத் தாண்டினார்கள். அந்த மக்களின் ஆற்றங்கரை விளைநிலங்களை 1950-களில் மூழ்கடித்த தண்ணீருக்குத்தான் அவள் பெயர். 1948-ல் நிலத்தைக் கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, பழங்குடி சபைத் தலைவர் ஜார்ஜ் ஜில்லெட் கோட்டு சூட்டோடு நின்று, ஒரு கையால் முகத்தைப் பொத்தி அழும் புகைப்படம் இருக்கிறது. சுற்றி நிற்கும் அதிகாரிகள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அணையால் ஊரை இழந்தவர்களுக்காக உருவான ஊரின் பெயர் நியூ டவுன். மாண்டன், ஹிடாட்சா, அரிகரா மக்களே நடத்தும் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. மகள் ஆரிகன்வரை போக நேரமில்லாமல் தவித்தால் நகல் கோட்டையை விட்டுவிடட்டும். லோலோவுக்கு அரை நாள், நியூ டவுனுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கச் சொல்லுங்கள்.