மரச்சீனியும் வடித்த தண்ணீரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவித்தால் அம்மா அந்தத் தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்டிவிடுவார். நான் நேரமில்லாமல் குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்து அப்படியே மசித்துவிடுகிறேன். கிழங்கில் சயனைடு இருக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து பிள்ளைக்குக் கொடுக்கவே பயம். பக்கத்து வீட்டு ஆடு மரச்சீனி இலையைத் தின்று செத்ததும் இதனால்தானா?

ஒரு வாசகி, கருங்கல்

அன்புள்ள தங்கைக்கு,

பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அம்மா செய்தபடி அவித்துக் கொடுங்கள்.

கிழங்கில் சயனைடு அப்படியே இருப்பதில்லை. லினமரின் என்ற சேர்மத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதை உடைக்கும் நொதியும் அதே கிழங்கில் வேறிடத்தில் இருக்கிறது. வெட்டும்போதோ கடிக்கும்போதோ செல் உடைந்து இரண்டும் கலந்தால்தான் ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். தின்ன வரும் பூச்சிக்கும் விலங்குக்கும் எதிராகச் செடி வைத்திருக்கும் காவல் இது.

ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், திறந்த பானையில் தங்காது. சிக்கல் உடையாமல் மிஞ்சும் லினமரினில். கொதிநீரில் நொதி செயலிழந்துவிடும், லினமரினோ எளிதில் சிதையாது. ஆனால் தண்ணீரில் கரையும். தோலை உரித்து, சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து வடிப்பது அதற்குத்தான். உங்கள் குக்கர் முறையில் வெளியே போக வேண்டியது தட்டுக்கே வந்துவிடுகிறது. நாம் அவித்துத் தின்னும் ரகங்கள் பெரும்பாலும் நஞ்சு குறைந்தவை, அதனால் இதுவரை ஒன்றும் ஆகவில்லை. கசக்கும் கிழங்கை மட்டும் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

மன்னர் விசாகம் திருநாள் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்டபோது ஊக்குவித்த பயிர் இது. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வராமல் போனபோது நம் பாட்டிமார் இதைக்கொண்டுதான் பிள்ளைகளுக்குப் பசியாற்றினார்கள். அதை ஒரு வீடியோவுக்காக ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பயப்பட இடமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 1981இல் மொசாம்பிக்கில் கடும் வறட்சி. கசப்புக் கிழங்கைச் சரியாகப் பக்குவப்படுத்தாமல், வேறு உணவின்றி அதையே தின்று வாழ்ந்த 1000க்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் விறைத்து நடக்க முடியாமல் போயிற்று. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கொன்சோ என்பது அந்த நோயின் பெயர். அவர்களுக்கு மீனோ பருப்போ கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே போகும் சிறிதளவு சயனைடை நம் உடல் கந்தகத்தோடு சேர்த்துத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும். அந்தக் கந்தகம் புரதத்திலிருந்து வருகிறது. தயோசயனேட் மிகுந்தால் தைராய்டுக்குச் சேரும் அயோடினைத் தடுக்கும். கடல்மீனில் அயோடினும் உண்டு. கிழங்கோடு சாளைக் கறி வைத்த கை இதையெல்லாம் படித்து வைக்கவில்லை, ஆனாலும் அதைவிடப் பொருத்தமான கூட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆடு செத்ததும் பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். பச்சை இலையில் இந்தச் சேர்மம் கிழங்கின் சதையைவிட மிக அதிகம், தோலிலும் அதிகம். இரண்டையும் பச்சையாக ஆட்டுக்குப் போடவேண்டாம் என்று பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். தின்ற ஆடு மூச்சுத் திணறித் தள்ளாடினால் கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். அவர் போடும் சோடியம் தயோசல்பேட் ஊசி, உடலுக்கு வேண்டிய அதே கந்தகத்தை நேராக ரத்தத்தில் கொடுக்கிறது. நேரத்தோடு போட்டால் ஆடு பிழைத்துக்கொள்ளும்.